கோழிக்கழிச்சலில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம். காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துச் சாளைகளில் நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்கள் சார்பில் இதை எழுதுகிறேன். இந்த வருடம் மாசிக் கடைசியில் எங்கள் ஊர்க் கிழக்குத் தெருவில் கோழிகள் மளமளவென்று செத்தன. மேற்குத் தெருவுக்கு அந்தச் சீக்கு வரவில்லை. அது தானாக நடந்ததில்லை. சிலர் பாடுபட்டதால் நடந்தது. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

முதலில் எங்கள் கால்நடை மருந்தக டாக்டரம்மா. கோழி தூங்கி விழுகிறது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது என்று போனில் சொன்னதுமே, "செத்த கோழியை வாய்க்கால்ல, வேலியோரத்துல வீசிடாதீங்க, நான் வந்து பார்க்கிறேன்" என்றார். சொன்னபடி அன்றைக்கே வந்தார். ஊரில் சிலர் இது அம்மை என்றார்கள். அம்மை என்றால் கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருக்கள் இருக்கும், கொசுக்கடியில் பரவும், இத்தனை வேகமாகக் கொத்துக் கொத்தாகச் சாகாது என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு செத்த கோழி ஒன்றை அறுத்தார். கல்லும் மண்ணும் அரைபடுகிற தடித்த பைக்கு முன்னால் சிறிய இரைப்பை ஒன்று இருக்கிறது. அதன் உள்சுவரில் குண்டூசித் தலை அளவில் ரத்தப் புள்ளிகள். உயிரோடு இருந்தவற்றில் இரண்டொன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது, சிலது காலை இழுத்தன, சிலது வாயைத் திறந்து மூச்சு வாங்கின. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இது கோழிக்கழிச்சல், அதாவது இராணிக்கெட் நோய்தான் என்று தோன்றுகிறது என்றார்.

அதோடு விட்டுவிடவும் இல்லை. திடீர்ச் சாவு பறவைக் காய்ச்சலிலும் வரும், கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட முடியாது என்று சொல்லி, மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி அனுப்ப ஏற்பாடு செய்தார். டிவியில் பறவைக் காய்ச்சல் செய்தி பார்த்துப் பார்த்துப் பயந்திருந்த எங்களுக்கு, அது இல்லை என்ற முடிவு வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

டாக்டரம்மா செய்ததிலேயே பெரிய உதவி, உண்மையை மறைக்காமல் சொன்னதுதான். "சீக்கு வந்துட்ட கோழிக்கு மருந்து இல்லைம்மா. இது வைரஸ். ஆன்டிபயாடிக் பொடி இதை ஒண்ணும் செய்யாது. அந்தக் காசை மிச்சம் பிடிங்க" என்றார். தடுப்பூசி போடாத கோழிகளில் பத்துக்கு ஒன்பது வரைகூட இந்த நோய் கொண்டுபோய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்வது எளிது. அவர் சொல்லவில்லை.

அடுத்து, கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் அண்ணன். எங்கள் கோழிகள் பொழுது விடிந்தால் தோட்டம் முழுக்க மேயப் போய்விடும், பிடிக்கவே முடியாது. பஞ்சாரத்தைத் திறப்பதற்கு முன்னால் வந்தால்தான் உண்டு. அதற்காக இருட்டிலேயே ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். தடுப்பூசி மருந்தைக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், வெயில் பட்டால் வீண். எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு இறக்கைக்கு அடியில் தோலுக்குள் அரை மில்லி, சின்னக் குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு. சீக்கு இல்லாத வீடுகளை முதலில் முடித்துவிட்டு, செருப்பையும் கையையும் கழுவிக்கொண்டுதான் மற்ற வீடுகளுக்குப் போனார். அந்தக் கவனத்தைப் பார்த்துத்தான் நாங்களும் வாசலில் சுண்ணாம்புத் தூள் போடப் பழகினோம்.

மேற்குத் தெரு தப்பியதற்குப் பிப்ரவரியில் நடந்த இருவாரத் தடுப்பூசி முகாம்தான் காரணம். வருடா வருடம் கோடைக்கு முன்னால் அரசாங்கம் இதை இலவசமாக நடத்துகிறது. அப்போது கிழக்குத் தெருவில் நோம்பி, பாதிப் பேர் ஊரில் இல்லை. மேற்குத் தெருவில் எங்கள் மகளிர் குழுத் தலைவி வீடு வீடாகப் போய், "நல்லா இருக்கிற கோழிக்கு எதுக்கு ஊசி" என்று கேட்ட ஆத்தாமார்களிடம் எல்லாம் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்தும் கொடுக்க வைத்தார். தலைவிக்கு எங்கள் கைகூப்பிய நன்றி.

இந்த மடலில் நான் அதிகம் சொல்ல நினைப்பது கிழக்குத் தெரு அக்கா ஒருவரைப் பற்றி. முதலில் சீக்கு விழுந்தது அவர் வீட்டில். பெருவிடைச் சேவல்களை விற்றுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டலாம் என்று வைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்து, நிற்கிற கோழிகளைப் பாதி விலைக்குக் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. "என் வீட்டுச் சீக்கு சந்தைக்குப் போய் இன்னும் பத்து ஊருக்குப் போகும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். செத்ததையெல்லாம் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். அந்த நட்டத்துக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை. நாலு காசு வந்துவிடும் என்று அவர் அன்றைக்குக் கோழியை ஏற்றிவிட்டிருந்தால் வாரச்சந்தை வழியாக எங்கெங்கே போயிருக்குமோ, நினைக்கவே மனம் கலங்குகிறது. அக்கா, நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும்.

இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தாருக்கும், தீவனம் போலக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாருக்கும் நன்றி. கோழியைப் பிடிக்க ஆளில்லாத வயதானவர்களுக்கு அந்தக் குருணை பெரிய உதவி.

அக்கா வீட்டுக் கோழிக் கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் காலியாகப் போட்டு வைத்தோம். இப்போது மேற்குத் தெருவில் தடுப்பூசி போட்ட வீடுகளிலிருந்து ஆளுக்கொரு வெடக்கோழி கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி. அதில் இரண்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டன. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்சொட்டு போட வருவதாக உதவியாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவருக்குக் காலை டீயும் பலகாரமும் அக்கா வீட்டில்தான்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் பெண்கள் சார்பாக,
மேற்குத் தெருவிலிருந்து ஒருத்தி