பேச வந்து, வேலை கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், எங்கள் அழைப்பை மதித்து வந்து பேசிய அத்தனை விருந்தினர்களுக்கும் வணக்கமுங்க.

ஜூன் 30-ம் தேதியோடு எங்கள் ரோட்டரி சங்கத்தின் இந்த ஆண்டு முடிகிறது. ஜூலை 1 அன்று புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். அது அவருக்கான நாள். அந்த மேடையில் நான் நின்றுகொண்டு இவ்வளவையும் சொல்ல நேரம் இருக்காது. அதனால் எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் சங்கத்தில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர், அரிசி ஆலைக்காரர், மருந்துக்கடைக்காரர், இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறோம். மீதிப் பேர் விவசாயம். வியாழக்கிழமை சாயங்காலம் கூடுவோம். மணி அடிப்போம், விருந்தினர் ஒருவர் பேசுவார், கை தட்டுவோம், சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். பல வருடம் அப்படியேதான் போனது. பொறுப்புக்கு வந்த அன்று நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். இனிமேல் யார் வந்து பேசினாலும், பேச்சு முடிந்ததும் "நாங்க என்ன செய்யோணுங்க?" என்று அவரிடமே கேட்போம் என்றேன். இந்த வருடம் நடந்த பெரிய வேலை ஒவ்வொன்றும் அப்படிக் கேட்டு வாங்கியதுதான்.

குட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊருக்கு வடக்கே இருக்கும் குட்டையை இரண்டு வருடத்துக்கு முன்பே எங்கள் சங்கம் தூர்வாரியது. படம் எடுத்தோம், பேனர் வைத்தோம். ஐப்பசியில் மழையும் பெய்தது. குட்டையில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. செய்த செலவை நினைத்து அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்துவிட்டோம்.

ஜூலையில், பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். பஸ்ஸில் வந்து இறங்கினார். பலகையில் ஒரு கணக்குப் போட்டார். ஒரு ஏக்கர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 4,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஒரு நல்ல மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 16 லாரிக்கும் மேல், அதுவும் ஒரே ஒரு ஏக்கரில். கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுகிற எங்களுக்கு அது நெஞ்சில் பட்டது. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்துத் தண்ணீர் நான்கு மண்டலமாக முறை வைத்து வருவது. கடைமடையில் இருக்கிறவர்களுக்கு அது வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். மேற்கே மலை மழையை மறைத்த நாடு நம்முடையது. பெய்கிற கொஞ்ச மழையையும் விட்டுவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

அப்புறம் அவர் கேட்டார்: "உங்கள் குட்டைக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்?" அன்று அங்கே இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. வரத்து வாய்க்காலைத் திறக்காமல் குட்டையை மட்டும் ஆழப்படுத்தினால் அது வெறும் குழிதான் என்றார். வேறு ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே மறுபடி வந்து எங்களோடு வெயிலில் நடந்தார். ஐயா, அந்த ஒரு கேள்விக்கு எங்கள் சங்கம் உங்களுக்கு என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

வழியைக் காட்டிக் கொடுத்தது ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். மேட்டுக் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில் ஆரம்பித்து, கிளுவை வேலி ஓரமாக, எங்கே பள்ளம் ஓடியது, எங்கே திரும்பியது என்று கைத்தடியால் கோடு போட்டுக்கொண்டே நடந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மூன்று இடத்தில் அடைப்பு. ஒன்று, ரோட்டுக்கு அடியில் போகும் சிமெண்ட் குழாய் மண் மூடிக் கிடந்தது. இன்னொன்று, சீமைக்கருவேலம் முழுதாக மூடிவிட்ட இடம். மூன்றாவது, ஒருவருடைய காட்டுக்குள் வாய்க்கால் உழவோடு உழவாகக் கரைந்து போயிருந்தது. அந்தக் காட்டுக்காரரிடம் போய்க் கேட்கத் தயங்கினோம். அவர் வாசலில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, "எங்கப்பாரு காலத்துல இருந்த தடம்தானுங்க, எடுத்துக்குங்க" என்றார். எட்டு அடி அகலம், காட்டின் நீளத்துக்கும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னபடியே பெயரை விட்டுவிட்டேன். நன்றியை மட்டும் எப்படிங்க விடுவது?

ஜேசிபி ஓட்டிய தம்பிக்கும் சொல்ல வேண்டும். கருவேல மரத்தை மேலோடு வெட்டினால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும், வேரோடு பெயர்க்க வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். டீசல் கணக்கைவிட ஒரு ரூபாய் அதிகம் வாங்கவில்லை. தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அள்ளிய வண்டலை அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் டிராக்டர் வைத்து எடுத்துப் போனார்கள். அதனால் மண்ணைக் கொட்ட இடம் தேடும் தொல்லையும் இல்லாமல் போனது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி விடிய விடிய மழை. காலையில் அந்த ஆட்டுக்காரப் பெரியவர்தான் எனக்கு போன் செய்தார். "வந்துருச்சுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் குட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்று பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் தண்ணீர் மட்டம் ஏறியிருக்கிறது என்று தோட்டத்துக்காரர்கள் சொல்லக் கேட்கும்போது, அந்தப் பெரியவரை முதலிலேயே கேட்காமல் போனோமே என்றுதான் தோன்றுகிறது.

அடுத்து பாம்புக்கடி பற்றிப் பேசிய மருத்துவருக்கு. முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று நல்ல முகூர்த்த நாள். கூட்டத்தில் இருந்தது 9 பேர். நீங்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஒரு மணி நேரம் பேசினீர்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், கடிபட்ட கை காலை எலும்பு முறிந்தது மாதிரி அசையாமல் வைத்து, நேராக மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், தடம்கூடத் தெரியாது, விடியும்போது வயிற்று வலியும் இமை சொருகலுமாகத்தான் தெரியவரும் என்று சொன்னபோது, களத்தில் படுக்கிற ஆட்களை நினைத்து எங்கள் முகம் மாறியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அந்த மருந்தைச் செய்யத் தேவையான பாம்பு விஷத்தை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் என்றும் சொன்னீர்கள். அந்த மக்களுக்கும் இந்த மடலில் எங்கள் வணக்கம்.

அந்த 9 பேரில் ஒருவரின் தோட்டத்தில், மாசி மாதம் ராத்திரி கரண்டுக்கு மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கட்டப் போனவரைக் கண்ணாடிவிரியன் கடித்தது. சுற்றியிருந்தவர்கள் துண்டை எடுத்துக் காலில் இறுக்கப் போனார்கள். நம் உறுப்பினர் தடுத்துவிட்டார். காலுக்கு ஒரு கட்டையை அணைவாக வைத்து, காரில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. விஷம் ஏறியிருக்கிறது என்று உடனே மருந்து ஏற்றினார்கள். நீங்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே 20 நிமிடச் சோதனை, டாக்டர். பத்து நாளில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரிப் பணியில் இருந்த செவிலியர்களுக்கும் மருத்துவருக்கும் அவருடைய மனைவி சொல்லச் சொன்ன நன்றியை இங்கே சேர்த்துவிடுகிறேன். அதற்குப் பிறகு ராத்திரி தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு டார்ச் லைட்டும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தோம். பணம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள்.

நடுவில் இரண்டு மாதம் கூட்டம் நடத்தும் இடத்தில் மராமத்து வேலை. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸும் அவருடைய நண்பர்களும் ஒவ்வொருவர் அலுவலகமாக மாறி மாறிக் கூடியதால்தான் இந்த இயக்கத்துக்கு ரோட்டரி என்றே பெயர் வந்தது. நாங்களும் தேங்காய்க் களத்திலும், அரிசி ஆலையிலும், பள்ளிக்கூட மரத்தடியிலும் கூடினோம். கொரங்காட்டைப் பற்றியும், கொழுக்கட்டைப் புல்லைப் பற்றியும், காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து மாதங்கள் போகப் போக நிறம் மாறுவதைப் பற்றியும் கால்நடை மருத்துவர் அம்மா பேசியது அந்த மரத்தடியில்தான். பள்ளிப் பிள்ளைகள் அவரை விடவே இல்லை. இடம் கொடுத்தவர்கள், நாற்காலி கொடுத்தவர்கள், டீ வைத்துக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றிங்க.

அக்டோபர் 24, உலகப் போலியோ தினத்தன்று கிராம சுகாதாரச் செவிலியர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் அழைத்து மரியாதை செய்தோம். நம் நாட்டில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று. 2014 மார்ச் 27-ல் சான்றிதழே கிடைத்தது. அதற்குப் பின்னால் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காடு காடாக நடந்த இவர்களின் கால்கள் இருக்கின்றன. ரத்ததான முகாமுக்கு வந்த இளைஞர்களுக்கும் நன்றி.

கண் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கண் மருத்துவர் ஒருவர் ஆவணியில் வந்து பேசினார். அவர் கேட்டுக்கொண்டபடி கண்புரை முகாம் நடத்தினோம். எங்கள் வீட்டுப் பெண்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வந்தவர்களுக்கு அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினார்கள். ஆபரேஷன் முடிந்து பஸ்ஸில் திரும்பி வந்த ஒரு அம்மா, கூட்டிப் போக வந்த மருமகளைப் பார்த்து, "கண்ணு, உனக்கெப்போ இத்தனை நரைச்சுது?" என்று கேட்டார். மருமகள் அழுதுவிட்டார்.

அதே மருத்துவர் கண்தானம் பற்றியும் சொன்னார். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை ஆபரேஷன் செய்தவர்கூடக் கொடுக்கலாம். முன்னாடியே எழுதி வைக்காவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும். இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிட்டு கண் வங்கிக்கு போன் செய்யுங்கள் என்றார். அதை ஒரு பத்தாம் வகுப்புப் பையன் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மார்கழியில் அவனுடைய தாத்தா விடியற்காலை மூன்று மணிக்குத் தவறிப்போனார். வீடு முழுக்கச் சனம். அவன் எழுந்து போய் ஃபேனை நிறுத்தியிருக்கிறான். கரண்ட் போய்விட்டது என்று நினைத்தார்களாம். அவன் விவரத்தைச் சொன்னதும் உறவில் சிலர் சத்தம் போட்டார்கள். அப்போது அவனுடைய ஆத்தா சொன்னார்: "எடுத்துக்கட்டும் சாமி. நித்தம் பொழுதோட ஆட்டை எண்ணிப் பட்டியில அடைச்ச கண்ணு அது. சும்மா எதுக்குப் போகோணும்?" அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஆறரை மணிக்கெல்லாம் கண் வங்கிக்காரர்கள் வந்து வேலையை முடித்துவிட்டார்கள். முகம் அப்படியே இருந்தது. யாருக்குப் பொருத்தினார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள், அது முறை. இரண்டு பேருக்குப் பயன்பட்டது என்று மட்டும் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் நம்ம ஊரில் இன்னும் மூன்று வீடுகளில் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் உங்கள் பெயரைத்தான் சொன்னார்கள்.

ஓராண்டு முழுக்கக் கூட இருந்த செயலாளருக்கும் பொருளாளருக்கும், வியாழக்கிழமை தோறும் வீட்டு வேலையைத் தானே பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரம்மாவுக்கும் என் அன்பு. புதிய தலைவரின் முதல் கூட்டத்தில் தேனீ வளர்ப்பவர் ஒருவர் பேச வருகிறார். எல்லோரும் வாங்க.

ஒரு சின்ன விஷயம். கண் முகாமில் விட்டுப்போன மூக்குக் கண்ணாடி இரண்டும், மூடியோடு ஒரு தூக்குப்போசியும் எங்களிடம் இருக்கின்றன. மருந்துக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறோம். உரியவர்கள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்க.

அன்புடன்,
சங்கத் தலைவர்