வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக ஊர் திரும்பும் பயணிகளின் பெட்டிகளைக் கடைசி ஊர் வரை நேரடியாக அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்
விமானப் பயணச்சீட்டு முகவர்,
கோவில்பட்டி,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்கள்,
புது டெல்லி.

பொருள்: சென்னை விமான நிலையத்தில் சர்வதேச விமானத்திலிருந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறும் பயணிகளின் பெட்டிகளை இறுதி நிலையம் வரை அனுப்புதல், முனையங்களுக்கிடையே உள்வழிப் பாதை அமைத்தல் – தொடர்பாக.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் 22 ஆண்டுகளாக விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துப் பிழைத்து வருகிறேன். துபாயில் கணக்கெழுதும் பிள்ளைகள், சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்கள், லண்டனிலும் மெல்பர்னிலும் மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்கப் போகும் தாய்மார்கள் ஆகியோரே என்னைத் தேடி வருபவர்கள். எல்லோரும் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, குறிப்பாக வயதானவர்களிடமிருந்து, எப்போதும் ஒன்றுதான்: "நடுவில் எங்கேயாவது பெட்டியை எடுக்க வேண்டுமா?"

கொழும்பு வழியாக வந்தால் எடுக்க வேண்டாம், சிங்கப்பூர் வழியாக வந்தாலும் வேண்டாம், சென்னை வழியாக வந்தால் எடுத்தே தீர வேண்டும் என்று உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் சொந்த மாநிலத் தலைநகரை விட்டுவிட்டு அயல்நாட்டு வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு டிக்கெட் முகவனாக எனக்கு இதில் நட்டம் ஏதுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனம் உறுத்துகிறது. அதனால்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர், 67 வயது, லண்டனில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். நம் நாட்டின் பெருநகர விமான நிலையம் ஒன்றில் இறங்கி, அங்கிருந்து மதுரை விமானம் பிடிக்க வேண்டும். எந்த நகரம், எந்த விமான நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. விதி நாடெங்கும் பெரும்பாலும் ஒன்றுதான். அன்று அங்கே பணியில் இருந்தவர்களும் விதிப்படியே நடந்துகொண்டார்கள்.

குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டிக்காக ஐம்பது நிமிடம் நின்றிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டுமென்று மகள் பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள். சுழன்று வந்த பெட்டிகளில் நான்கைந்தில் அதே சிவப்பு ரிப்பன். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, தன்னுடைய இரண்டையும் யார் உதவியோ கேட்டு இறக்கி, சுங்கத்தைக் கடந்து வெளியே வந்திருக்கிறார். வெளியே என்றால் வாடகைக் கார்களும் வரவேற்க வந்த கூட்டமும் நிற்கும் சாலை. அங்கிருந்து தள்ளுவண்டியுடன் உள்நாட்டு முனையத்துக்கு நடை. வாசலில் பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட் கேட்கிறார். டிக்கெட் கைபேசியில் இருக்கிறது. ஐந்து மாதம் ரீசார்ஜ் செய்யாததால் இந்திய எண் செயலிழந்துவிட்டது. இலவச வைஃபையோ அந்த எண்ணுக்கே ஓடிபி அனுப்புகிறது. யாரோ ஒரு கல்லூரி மாணவர் தன் இணைப்பைப் பகிர்ந்து டிக்கெட்டைத் திறந்து கொடுத்திருக்கிறார். உள்ளே போனபோது கவுன்டர் மூடியாயிற்று.

மறுநாள் காலை விமானத்தில் இடம் கொடுத்தார்கள். இரவு முழுவதும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைப் பெட்டியின் மேல் நீட்டியபடி விழித்திருந்தாராம். கண்ணயர்ந்தால் பெட்டி போய்விடும் என்ற பயம். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தபோது சேலையைச் சற்றே உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். பூசணிப் பிஞ்சு போல வீங்கியிருந்தது. எட்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிப் போய்வர அந்த அம்மாவால் முடிந்தது. அவரைக் கலங்கடித்தது ஒரு முனையத்துக்கும் இன்னொரு முனையத்துக்கும் இடைப்பட்ட தூரம்.

அவருடைய ஓரகத்தி அதே லண்டனுக்குக் கொழும்பு வழியாகப் போய் வந்தார். மதுரையில் பெட்டியின் கைப்பிடியில் எல்.எச்.ஆர். என்ற மூன்றெழுத்துச் சீட்டை ஒட்டினார்கள். அடுத்து அந்தப் பெட்டியை அவர் பார்த்தது லண்டன் ஹீத்ரோவில். திரும்பும்போதும் அப்படியே. குடியேற்றம், சுங்கம் இரண்டும் மதுரையிலேயே முடிந்தன. கொழும்பில் கைப்பையுடன் ஒரு சோதனை, கொஞ்ச நேரக் காத்திருப்பு, அவ்வளவுதான். மதுரையிலிருந்து கொழும்பு சுமார் ஒரு மணி நேரப் பயணம். எங்கள் தென்மாவட்டத்துக்காரருக்குக் கடல் தாண்டிய கொழும்பு பக்கமாகவும் சென்னை தூரமாகவும் ஆகிப்போன கதை இதுதான்.

பெரிய விமான நிலையங்களுக்கிடையே நடக்கும் போட்டி இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது என்பது என் அனுபவம். சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். அங்குள்ள சாங்கி விமான நிலையத்தை 2024-இல் 6 கோடியே 77 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். துபாயில் அதே ஆண்டில் 9 கோடியே 23 லட்சம் பேர். இந்தக் கணக்கில் வருபவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் அல்லர். வேறு எங்கிருந்தோ வேறு எங்கோ போகிறவர்களும் ஏராளம். சாங்கியின் செயற்கை அருவியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் அந்த அருவி குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே இருக்கிறது; விமானம் மாறுகிறவர் அதன் பக்கம் போகாமலேயே ஊர் போய்ச் சேர்வார். மெல்பர்ன் போகும் ஒருவர்கூட அருவிக்காகச் சாங்கி வழியைக் கேட்டு என்னிடம் வந்ததில்லை. பெட்டி தானாக மாறிவிடும் என்பதற்காகக் கேட்கிறார்கள். 1, 2, 3 முனையங்களுக்கிடையே ஆளை ஏற்றிப்போக ஸ்கைடிரெயின் என்ற தானியங்கி ரயில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஊரையே இலவசமாகச் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள். தன் ஊருக்கு வராத மனிதரையும் விருந்தாளியாக நினைத்ததால் வந்த வளர்ச்சி அது.

சென்னைக்கு என்ன குறை? சிங்கப்பூர் நான்கு மணி நேரம், துபாயும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பயணிகள் விமானம் மாறும் இந்த இரண்டு பெரும் மையங்களுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. 1932 அக்டோபரில் கராச்சியில் புறப்பட்ட இந்தியாவின் முதல் டாடா தபால் விமானச் சேவை வந்து முடிந்த இடமும் இதே சென்னைதான். டெல்லி, மும்பைக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் நீண்ட காலம் இருந்த நிலையம் இது. பெங்களூரில் 2008-இல்தான் புதிய விமான நிலையம் திறந்தார்கள். 2019-இல் இரண்டாவது ஓடுபாதை, 2022-இல் சிட்னிக்கு நேரடி விமானம் என்று வளர்ந்து, 2024-25-இல் அது 4 கோடிப் பயணிகளைத் தாண்டிவிட்டது. சென்னை அதில் ஏறத்தாழ பாதியில் நிற்கிறது. சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் தாராளமாகப் பயன்படுத்த முடியாது என்பது நெடுநாள் இடைஞ்சல். ஐந்து பத்து நாளில் தீரக்கூடியதும் அல்ல.

2023 ஏப்ரலில் சுமார் 1,260 கோடி ரூபாய்ச் செலவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. கோலமும் கோயில் தூணும் நினைவுக்கு வரும்படி அழகாகக் கட்டியிருக்கிறார்கள். பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையத்துக்கும் தங்கள் துறைக்கும் அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த முனையத்தில் இறங்கி மதுரைக்கோ கோவைக்கோ தூத்துக்குடிக்கோ போக வேண்டியவர், இன்றும் வெளியே வந்து, உள்நாட்டு விமானங்களுக்கான முதல் முனையத்துக்கோ நான்காம் முனையத்துக்கோ போய், வாசலில் மறுபடி டிக்கெட் காட்டித்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

தங்கள் துறை இன்னொன்றையும் சொல்லி வருகிறது. துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே அங்குள்ள நிறுவனங்களுக்கு வாரத்துக்குச் சுமார் 65 ஆயிரம் இருக்கைகள் என்ற வரம்பு 2014 முதல் இருந்துவருகிறது. கூட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டும் நாம் கூட்டவில்லை. நம் நாட்டு விமான நிலையங்களே மையங்களாக வளர வேண்டும், நம் பயணிகளை வைத்து அயல்நாட்டு மையங்கள் கொழுக்கக் கூடாது என்பது அரசின் நிலைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் இருக்கை குறைந்தால் கட்டணம் ஏறும். விடுமுறைக் காலத்தில் அந்த ஏற்றத்தைக் கொடுப்பவர் என் எதிரே உட்கார்ந்து தாலிச் சங்கிலி அடகு வைத்த பணத்தை எண்ணித் தருகிறவர். அவர் இவ்வளவு விலை கொடுத்து நம் மையத்துக்காகக் காத்திருக்கும்போது, அந்த மையம் அவரைப் பெட்டியோடு சாலையில் நிறுத்துவது முறையாகாது.

சுங்கத்துறையின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. சென்னையிலும் திருச்சியிலும் தங்கம் பிடிபடும் செய்தி வராத வாரம் அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சோதனையில்லாமல் உள்நாட்டு விமானத்தில் ஏறினால், நடுவானில் பொருள் கை மாறிவிடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் கைப்பைக்குப் பொருந்தும். விமானத்தின் வயிற்றில் கிடக்கும் பெட்டிக்குப் பொருந்தாது. அதை நடுவானில் யாரும் தொட முடியாது. ஆளையும் கைப்பையையும் சென்னையிலேயே சுங்கம் சோதிக்கட்டும். பெட்டி மட்டும் ஊடுகதிர்ச் சோதனை முடிந்து, தனிச் சீட்டுடன் மதுரைக்குப் போகட்டும். மதுரை, திருச்சி, கோவை மூன்றிலும் சர்வதேச விமானங்கள் இறங்குகின்றன. சுங்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அங்கே பெட்டி சுழலும் தனிப் பட்டையில் இறக்கிச் சோதித்துக் கொடுக்கலாம்.

தூத்துக்குடியின் நிலை வேறு. 2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய முனையம் திறந்தாயிற்று. எங்கள் மாவட்டத்துக்கு அது பெரிய வரம். ஆனால் சர்வதேசச் சேவை இல்லாததால் அங்கே பெட்டியைச் சோதிக்க ஏற்பாடு இல்லை. தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகிறவர்களுக்குச் சென்னையில் சுங்கச் சோதனை முடிந்த இடத்திலேயே, வெளிக்கதவுக்கு முன்னால், பெட்டியை மறுபடி ஒப்படைக்க ஒரு கவுன்டர் இருந்தால் போதும். பெட்டி அங்கிருந்து விமானத்துக்குப் போகும். பயணி கைவீசி நடப்பார்.

அப்படி நடப்பதற்கும் பாதை வேண்டும். சர்வதேச முனையத்திலிருந்து உள்நாட்டு முனையங்களுக்குச் சாலைக்கு வராமலே போகும் ஒரு மூடிய வழி வேண்டும். அது கட்டி முடியும் வரை, பாதுகாப்பு வளையத்துக்குள்ளேயே ஓடும் ஒரு சிறு பேருந்து போதும். புறப்பட்ட ஊரிலேயே கடைசிப் பயணம் வரைக்கும் போர்டிங் பாஸ் வாங்கி வந்தவரிடம் மறுபடி வாசலில் டிக்கெட் கேட்கும் நிலையும் அதோடு தீரும். சக்கர நாற்காலி கேட்டவரை ஒரு முனைய வாசலில் இறக்கி, அடுத்த முனையத்தின் நாற்காலி வரும் வரை நிறுத்தி வைக்காமல், ஒரே ஊழியர் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வைஃபைக்கு இந்திய எண் இல்லாதவர் பாஸ்போர்ட்டைக் காட்டினாலே இணைப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்ல அந்தக் கவுன்டரில் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். இவையெல்லாம் ஒரே டிக்கெட்டில் பயணம் செய்பவர்களுக்கு மட்டும் என்று தொடங்கினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இது ஒரு துறை மட்டும் முடிக்கக்கூடிய வேலை அல்ல என்பதை அறிவேன். சுங்கம் நிதி அமைச்சகத்தின் கையில். குடியேற்றமும் வாசலில் நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையும் உள்துறையின் கையில். விமானப் பாதுகாப்பு விதிகளும் விமான நிலையமும் தங்கள் கையில். பயணி எந்த வாசலில் கேட்டாலும் "அது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் வருவதற்குக் காரணம் இதுதான். மூன்று அமைச்சகங்களையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடிய இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள். ஒன்று சேர்ந்தால் முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. முன்பதிவு செய்த பயணிகள் தானியங்கிக் கதவு வழியாகக் குடியேற்றத்தைக் கடக்கும் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, அடுத்த ஜனவரியில் சென்னைக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டம். ஆனால் அங்கே மிச்சப்படும் நேரமெல்லாம் பெட்டி சுழலும் பட்டைக்கு முன்னால் கரைந்துபோகிறது.

பரந்தூரில் புதிய விமான நிலையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலுக்காகவும் ஏரிக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம், இந்த மனுவில் அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பதற்கு ஒரு சென்ட் நிலம்கூடப் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. இன்றுள்ள சென்னையிலேயே செய்யலாம். மாறாக, இந்த விதி மாறாமல் போனால் புதிய நிலையத்திலும் அந்த அம்மா பெட்டியோடு சாலைக்குத்தான் வருவார்.

எனவே, சென்னை–மதுரை வழித்தடத்தில் ஆறு மாத காலத்துக்குச் சோதனை முறையில் பெட்டிகளை நேரடியாக அனுப்பிப் பார்க்க உத்தரவிடுமாறும், நிதி, உள்துறை அமைச்சகங்களுடன் கூட்டம் ஒன்றைக் கூட்டி அதில் பயண முகவர்களையும் வயதான பயணிகள் சிலரையும் பேச அழைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் என் சொந்தச் செலவில் வருகிறேன். மேலே சொன்ன அம்மாவும் வரச் சம்மதித்திருக்கிறார். கைப்பையோடு மட்டும் வருவதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விமானப் பயணச்சீட்டு முகவர்,
கோவில்பட்டி.

நகல்:
மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் அவர்கள்
மாண்புமிகு ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்கள்
தலைவர், இந்திய விமான நிலைய ஆணையம்