வழுவும் வழுவமைதியும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் வந்தது. கட்டுரைப் பகிர்வுத் தளத்தின் வழுப்பட்டியலை, அதாவது நிரல் பிழைகளின் (பக்) பட்டியலை, உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பியிருக்கிறாய். அது கிடக்கட்டும். கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே: "மேலும் காட்டு" பொத்தான் திடீரென்று நின்றுவிடுகிறது, ஒருவர் மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது என்கிறார், இன்னொருவர் நான்காம் பக்கம் என்கிறார், யாரை நம்புவது என்று. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இருவரையும் நம்பு. நின்றுபோகும் இடம் நகர்கிறது என்பதே இங்கே துப்பு. பட்டியலில் ஏதோ ஒரு பதிவு கெட்டிருக்கிறது. காலையில் அது மூன்றாம் பக்கத்தில் இருந்திருக்கும். புதுக் கட்டுரைகள் மேலே சேரச் சேர, மாலைக்குள் நான்காம் பக்கத்துக்கு இறங்கியிருக்கும். அது எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் முழுவதும் வராது. ஒரு பதிவு எப்படி ஒரு பக்கத்தின் இருபது பதிவுகளையும் முடக்கும் என்று கேட்பாய். உங்கள் தளம் பிஎச்பி நிரல்மொழியில் எழுதியது என்பதால், எனக்கு முதல் சந்தேகம் தலைப்பை வெட்டும் வரியின் மேல்தான்.

யூடிஎஃப்-8 குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில், தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு 3 எழுத்து; கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறி, 15 பைட். பட்டியலில் தலைப்பு நீண்டுவிடாமலிருக்க யாரோ சாதாரண சப்ஸ்ட்ரிங் (உரையின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் ஃபங்ஷன்) போட்டு 200-இல் வெட்டியிருப்பார்கள். அது பைட் கணக்கு. 66 குறிக்கு 198 பைட் போக மீதி 2 பைட் அறுந்து தொங்கும். வெற்றிடத்துக்கு ஒரே பைட் என்பதால் சில தலைப்புகளில் வெட்டு தற்செயலாகக் குறியின் எல்லையிலேயே விழுந்து தப்பிக்கும். குட்டித் தலைப்புகள் வெட்டுக்கே வராது. ஆகவே நீண்ட தலைப்புகளில் சில மட்டும் மாட்டும்.

சாதாரணப் பக்கமாக இருந்தால் அறுந்த பைட் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரமாகத் தெரியும், பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் "மேலும் காட்டு" பதிலை ஜேசானாக, அதாவது நிரல்கள் தரவு பரிமாறும் உரை வடிவில், வாங்குகிறது. பிஎச்பியின் ஜேசான் ஃபங்ஷன் செல்லாத யூடிஎஃப்-8 பைட் ஒன்றைக் கண்டாலும் மொத்தத்தையும் கைவிட்டு "ஃபால்ஸ்" என்று திருப்பித் தரும். அதை அப்படியே அச்சிட்டால் வெற்றுப் பதில். சர்வரோ 200, எல்லாம் நலம் என்று சொல்லும். எரர் லாகில் (பிழைப் பதிவேட்டில்) ஒரு வரிகூட விழாது. கண்காணிப்பு ஏன் கத்தவில்லை என்று கேட்டிருந்தாய், காரணம் இதுதான். தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடையும் (புதுக் கட்டுரைகளை வாசிப்புச் செயலிகளுக்குத் தரும் எக்ஸ்எம்எல் கோப்பு) இதே வெட்டிய தலைப்பைப் பயன்படுத்துகிறது என்றால் அதையும் பார்; செல்லாத ஒரு பைட் போதும், எக்ஸ்எம்எல் படிப்பான்கள் ஓடை முழுவதையும் மறுத்துவிடும்.

உறுதி செய்வது எளிது. உலாவியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பலகையைத் திற, பிறகு பொத்தானை அழுத்து. நின்றுபோகும் கோரிக்கையின் நிலை 200, பதிலின் உள்ளடக்கம் வெற்று என்று இருந்தால் என் ஊகம் சரி. 500 என்றால் நிரலே விழுந்திருக்கிறது. 504 என்றால் தரவுத்தள வினவல் இழுத்தடிக்கிறது, அது வேறு கதை. அடுத்து, அந்தப் பக்கத்தின் 20 பதிவுகளில் பாதியை மட்டும் கேள், வருகிறதா பார். வராத பாதியை மறுபடி பாதியாக்கு. அதிகம் போனால் ஐந்து தடவையில் குற்றவாளிப் பதிவு கையில் இருக்கும்.

இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். பிஎச்பி 7.2-இலிருந்து, செல்லாத பைட்டுக்குப் பதில் மாற்றுக்குறி போட்டு ஜேசானை எப்படியாவது வெளியே தள்ளும் ஒரு கொடி (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் விருப்பத் தேர்வு) இருக்கிறது. அதைப் போட்டால் பொத்தான் வேலை செய்யும், புகார் நிற்கும், தலைப்பில் கறுப்பு வைரம் மட்டும் அப்படியே இருக்கும். அது மருந்து இல்லை, வலிநிவாரணி. 7.3-இல் வந்த இன்னொரு கொடி, ஜேசான் தோற்றால் விதிவிலக்கை எறியும், அதாவது சும்மா இருக்காமல் பிழையை அறிவிக்கும். அதைப் போடு. அடுத்த முறை இப்படி ஒன்று நடந்தால் லாகில் கத்தட்டும்.

வெட்டும் வரியை எம்பி_சப்ஸ்ட்ரிங்குக்கு மாற்றினால் பைட் அறுவது நிற்கும். ஆனால் அதுவும் குறிகளைத்தான் எண்ணுகிறது, எழுத்துகளை இல்லை. "கட்டுரைகள்" என்பதில் கடைசிப் புள்ளிக்கு முன்னால் வெட்டு விழுந்தால் "கட்டுரைகள" என்று நிற்கும். "போ" இரண்டாக அறுந்தால் வெறும் "ப". தமிழ்த் தளத்தில் இது அசிங்கம். பிஎச்பியின் இன்ட்ல் நீட்சியில் இருக்கும் கிராஃபீம்_சப்ஸ்ட்ரிங் எழுத்தை எழுத்தாக எண்ணும், அதையே பயன்படுத்து. சர்வரில் அந்த நீட்சி நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

திருத்தும் முன் ஒரு சோதனை எழுதிவிடு: வெற்றிடமே இல்லாத 70 குறித் தலைப்பு ஒன்றை உள்ளே விட்டு, ஜேசான் வருகிறதா என்று கேட்கும் சோதனை. இப்போது அது தோற்க வேண்டும், திருத்தியபின் தேற வேண்டும். திருத்தும் முன்பே தேறினால், நீ வேறு எதையோ சோதித்துக்கொண்டிருக்கிறாய்.

நிரலைத் திருத்தியதும் வழுவை மூடிவிடாதே. உனக்குச் சொல்ல வேண்டியது என்று ஒன்றே ஒன்று இருந்தால் அது இதுதான். நிரல் இனிமேல் கெடுக்காது, சரி. இதுவரை கெடுத்து வைத்ததை யார் பார்ப்பது? பட்டியலைக் காட்டும்போதுதான் வெட்டு நடந்திருந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது. கட்டுரையைச் சேர்க்கும்போதே வெட்டிச் சேமித்திருந்தால் மூலத் தலைப்பு போயே போய்விட்டது. அந்தப் பதிவுகளைப் பொறுக்கி, கட்டுரையின் சுட்டியிலிருந்து (லிங்க்) தலைப்பை மறுபடி எடுத்து நிரப்ப வேண்டும்.

இரட்டை வாக்குப் புகாரிலும் இதே கதைதான். ஒருவர் பொத்தானை வேகமாக இரண்டு தட்டு தட்டினால் இரண்டு வாக்கு விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். நிரல் முதலில் "இவர் வாக்களித்திருக்கிறாரா?" என்று கேட்கிறது, இல்லை என்றால் எழுதுகிறது. இரண்டு கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில். பொத்தானை ஜாவாஸ்கிரிப்டில் முடக்குவது கண்துடைப்பு. பயனர் எண், கட்டுரை எண் இரண்டும் சேர்ந்த யூனிக் இன்டெக்ஸ் ஒன்றைத் தரவுத்தளத்தில் போட்டால் இரண்டாவது வாக்கை அதுவே விரட்டிவிடும். ஆனால் ஏற்கெனவே இரட்டைகள் உள்ள அட்டவணையில் அந்த இன்டெக்ஸ் ஏறாது. ஆகவே முதலில் பேக்கப் எடு, தளத்தைச் சில நிமிடம் படிக்க மட்டும் என்று வை, ஒவ்வொரு இரட்டையிலும் பழையதை விட்டுவைத்து மற்றதை நீக்கு, பிறகு இன்டெக்ஸ். கட்டுரை அட்டவணையில் வாக்கு எண்ணிக்கை தனியாகச் சேமித்திருப்பீர்கள், அது தானாகக் குறையாது. வாக்கு வரிகளை மறுபடி எண்ணி அதில் எழுத வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால், "திருத்திவிட்டோம்" என்று நீ அறிவித்த மறுநாளே அதே புகார் திரும்ப வரும்.

ஒரே கட்டுரை இரண்டு தடவை சேர்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வேறுபாடு, முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ, கடைசியில் சாய்கோடு, வாசகர் எங்கிருந்து வந்தார் என்று அறியச் சுட்டியில் ஒட்டும் யூடிஎம் வால்கள், ஃபேஸ்புக் ஒட்டும் வால், பிளாகர் தளங்களில் கைபேசிப் பக்கத்துக்கு வரும் "எம்=1", இவற்றை ஒப்பிடும்போது மட்டும் கழித்துக்கொள். கேள்விக்குறிக்குப் பின் வருவதையெல்லாம் ஒரேயடியாக வெட்டாதே. பல தளங்களில் கட்டுரையின் எண்ணே அங்கேதான் இருக்கும். வெட்டினால் அந்தத் தளத்தின் எல்லாக் கட்டுரைகளும் ஒன்றாகிவிடும். பக்கம் தானே அறிவிக்கும் மூலச் சுட்டியையும் கண்ணை மூடி நம்பாதே. சில தளங்கள் தவறாக எல்லாப் பக்கத்துக்கும் முகப்பையே மூலம் என்று அறிவித்து வைத்திருக்கும்.

"கொடி" என்று தேடினால் பாதிக் கட்டுரைதான் வருகிறது என்ற புகாரை "விளங்கவில்லை" என்று ஒதுக்கி வைத்திருக்கிறாய். அது நல்ல புகார். ஒகரக் கொம்பை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது, பைட்டுகள் வேறு. உள்ளே வரும் எல்லா எழுத்தையும் என்எஃப்சி வடிவுக்கு (இப்படி இரண்டு விதமாக எழுதியதை ஒரே விதமாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிச் சேமி, தேடல் சொல்லையும் அப்படியே மாற்று. பழைய வரிகளையும் ஒரு தடவை மாற்றி, தேடல் அட்டவணையை மறுபடி கட்டு. என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது: "ஔ" என்பதை "ஒ", "ள" என்று இரண்டெழுத்தாகத் தட்டியிருந்தால் அது கணினிக்குச் சரியான இரண்டு எழுத்துகள்தான். "ஸ்ரீ" ஒன்றை ஸகரத்திலும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்திலும் எழுதுகிறார்கள். இவற்றுக்கு உன் கையால் ஒரு மாற்றுப் பட்டியல் வேண்டும். குறிச்சொற்களில் "கவிதை" இரண்டு தடவை தெரிவதற்கும் இதன் உறவுக்காரன்தான் காரணமாக இருப்பான்: சொல்லின் வாலில் ஒட்டிய முறியா வெற்றிடம் அல்லது அகலமில்லாக் குறி. முனைகளிலுள்ள வெற்றிடத்தை நீக்கும் பிஎச்பியின் ட்ரிம் இரண்டையும் தொடாது.

எமோஜி போட்டவுடன் கருத்து பாதியில் அறுந்துபோவது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் செய்யும் வேலை. அதன் பழைய "யூடிஎஃப்8" 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. எமோஜிக்கு 4 வேண்டும். தமிழ் 3-இல் அடங்கிவிடுவதால் இத்தனை நாள் யாருக்கும் உறைக்கவில்லை. யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றும்போது 255 நீளமுள்ள இன்டெக்ஸ்கள் பழைய அட்டவணை வடிவில் முரண்டு பிடிக்கும். அங்கே வரம்பு 767 பைட். 255-ஐ மூன்றால் பெருக்கினால் 765, நான்கால் பெருக்கினால் 1020. 191 என்று சுருக்கு, அல்லது வரி வடிவத்தை டைனமிக் ஆக்கு.

புகார் எழுதுபவர்களிடம் என்ன கேட்பது என்றாய். நீண்ட படிவம் வைக்காதே, யாரும் நிரப்ப மாட்டார்கள். எந்தச் சுட்டி, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எத்தனை மணிக்கு. ஐந்தே கேள்வி. மணி மிக முக்கியம்; அது இருந்தால்தான் சர்வர் லாகில் தேடலாம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுபவரைக் கோபிக்காமல், தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பார்க்கச் சொல். அங்கே வேலை செய்தால் பழைய குக்கி, உலாவியின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கிய பழைய ஸ்கிரிப்ட், உலாவி நீட்சி ஆகிய மூன்றில் ஒன்று. விளம்பரத் தடுப்பான்கள் சில நேரம் "ஷேர்" என்று பெயர் வைத்த ஸ்கிரிப்டைத் தூக்கிவிடும். உங்கள் பகிர்வுப் பொத்தானின் கோப்புக்குப் பெயர் என்ன என்று பார். நெட்வொர்க் பதிவுக் கோப்பை யாரும் பொதுவில் ஒட்டாமல் பார்த்துக்கொள். அதில் அவர்களுடைய உள்நுழைவுக் குக்கி இருக்கக்கூடும். எடுத்தவன் அவர்கள் பெயரில் நுழையலாம்.

"முகப்பில் வேறு யாரோ ஒருவர் பெயர் தெரிகிறது" என்று ஒரு வரி வந்தால் மட்டும் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு. உள்நுழைந்தவருக்கான பக்கம் எல்லாருக்கும் பொதுவான கேஷில் ஏறி ஊருக்கெல்லாம் போகிறது என்று பொருள். முதலில் கேஷை நிறுத்திக் காலி செய், எல்லாருடைய உள்நுழைவையும் செல்லாததாக்கு, காரணத்தைப் பிறகு தேடலாம். அந்தப் புகார் திறந்த பட்டியலில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.

வழு என்ற சொல்லை இலக்கணக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட நாம் வழுவமைதியை, அதாவது வழுவானாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வதை, மட்டும் விட்டுவிட்டோமே என்று எனக்கு ஆதங்கம். உன் பட்டியலில் கால்வாசி அந்த வகை. சேர்த்து முப்பது நிமிடம் கழித்துத் தலைப்பை மாற்ற முடியவில்லை என்பது விதிதானே, யாரோ வேண்டுமென்றே வைத்தது. "திருத்த மாட்டோம்" என்று முகத்திலடித்தாற்போல் மூடாமல், "வழுவமைதி" என்று குறியிட்டு, விதி இன்னது, காரணம் இன்னது என்று இரண்டு வரி எழுதி மூடு. அந்த இரண்டு வரியை எழுத உனக்கே காரணம் கிடைக்கவில்லை என்றால் அது வழுதான், திரும்பத் திற.

குற்றவாளிப் பதிவு கிடைத்ததும் அதன் தலைப்பை அனுப்பு. படம் பிடித்து அனுப்பாதே, கோப்பாக அனுப்பு. எந்த பைட்டில் அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கதிர்