கார் இன்சூரன்ஸ்: க்ளைம் கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கினால் கார் இன்சூரன்ஸ் விளம்பரங்கள் கூடிவிடுகின்றன. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் இருப்பது பிரீமியம்தான். வண்டி அடிபட்டாலோ தண்ணீரில் மூழ்கினாலோ அந்தக் கம்பெனி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. மேடவாக்கத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். டிங்கரிங், பெயிண்டிங், இன்ஜின் வேலை எல்லாம் செய்கிறோம். சேதத்தை மதிப்பிட எந்தக் கம்பெனியின் சர்வேயர் எப்போது வருகிறார், எது எதை வெட்டுகிறார் என்பதைத் தினமும் கண்ணால் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கம் ஒரே தெருவில் நின்ற இரண்டு கார்கள் என்னிடம் வந்தன. இரண்டிலும் தண்ணீர் சீட்டுக்கு மேல் ஏறியிருந்தது. ஒன்று ஒரு பள்ளி ஆசிரியையுடையது. தண்ணீர் வடிவதற்கு முன்பே கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறார். எடுத்த பெண் முதலில் சொன்னது, “மேடம், எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க, நாங்களே வண்டி அனுப்பி எடுத்துக்கிறோம்” என்பதுதான். அந்த ஒரு பேச்சுதான் இன்ஜினைக் காப்பாற்றியது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், காற்று அமுங்குகிற மாதிரி தண்ணீர் அமுங்காது; பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவர் வண்டிக்கு ஆயில் மாற்றி, சீட், கார்ப்பெட் கழற்றிக் காயவைத்து, வயரிங் பார்த்தோம். பணமும் இழுத்தடிக்காமல் வந்தது.

இன்னொன்று பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. அவர் கம்பெனியின் எண் அடித்துக்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மகன் சாவியைத் திருப்பிவிட்டார். இன்ஜினைப் பிரித்தபோது ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது, ஒரு ராடு வளைந்திருந்தது. சர்வேயர் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆனது. வந்ததும், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம், இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் இன்ஜின் புரொடெக்ட் கவர் எடுக்கவில்லை, ஆகவே இன்ஜினுக்குப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டார். பாலிசி விதியில் அது இருக்கிறதுதான். ஆனால் சதுப்புநிலத்தை ஒட்டிக் குடியிருப்பவருக்கு பாலிசி விற்றபோது அப்படி ஒரு கவர் இருக்கிறது என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அந்தப் பெரியவர் பட்டறை வாசலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

விற்கும்போது சொல்லாமல் விடுவது இது ஒன்று மட்டுமில்லை. பம்பர் உடைந்தால் முழுப் பணமும் வரும் என்றே பலர் நினைக்கிறார்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் 40 சதவீதம், பத்து வருடம் தாண்டினால் 50 சதவீதம். இந்தக் கழிவு இல்லாமல் வேண்டுமென்றால் ‘ஜீரோ டெப்’, நம் ஆட்கள் ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்வது, தனியாக எடுக்க வேண்டும். நல்ல கம்பெனி இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லும். சின்ன கீறலோடு வந்த ஒருவரிடம், “சார், இதுக்கு க்ளைம் போட்டா உங்க 50 சதவீத நோ க்ளைம் போனஸ் (க்ளைம் போடாததற்கான பிரீமியம் தள்ளுபடி) போயிடும், கையிலிருந்து செய்றதே லாபம்” என்று கம்பெனிக்காரரே சொன்னதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தை விட்டு, ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று வேறு இடத்துக்குப் போகாதீர்கள் என்றுதான் என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். புது வண்டி வாங்கும்போதும் ஷோரூமில் தருகிற இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சரி, நல்ல கம்பெனியை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று பட்டறைகளில் விசாரியுங்கள். ஒரே பட்டறையின் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், என் பட்டறையாக இருந்தாலும். அதைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள், அதாவது ஆயுள் காப்பீடு அல்லாத கம்பெனிகள், ஒவ்வொரு காலாண்டும் தங்கள் இணையதளத்தில் கணக்குகளை வெளியிட வேண்டும் என்பது காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் விதி. அதில் என்.எல். 39 என்ற படிவம், க்ளைம் பணத்தை எத்தனை பேருக்கு ஒரு மாதத்துக்குள் கொடுத்தார்கள், எத்தனை பேரை மூன்று மாதம், ஆறு மாதம் என்று காக்க வைத்தார்கள் என்று காட்டும். வண்டிச் சேதத்துக்குத் தனி வரிசையே உண்டு. என்.எல். 45 என்ற படிவத்தில் எத்தனை புகார் வந்தது, என்ன ஆனது என்று இருக்கும். ஆனால் இவை ஆங்கிலத்தில், இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கின்றன. பாலிசி எடுக்கும் ஆட்டோ ஓட்டுநரோ ஆசிரியையோ அங்கே எப்படிப் போய்ச் சேர்வார்கள்?

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் க்ளைமை நிராகரிக்கக் கூடாது என்று 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டிருக்கிறது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நான் சொன்ன பெரியவருக்கு இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது. கைக்காசு போட்டு இன்ஜின் வேலையை முடித்தார்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். தங்க விலையையும் காய்கறி விலையையும் தினமும் போடுகிறீர்கள். அந்த என்.எல். 39 கணக்கை, கம்பெனி வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழில் ஒரு சிறு அட்டவணையாகப் போடுங்கள். வண்டிச் சேத வரிசை மட்டும் போதும், கால் பக்கம்கூட ஆகாது. முதல் அட்டவணை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில் வந்தால் இந்த வருடமே பாலிசி புதுப்பிப்பவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
கார் பட்டறை உரிமையாளர்,
மேடவாக்கம், சென்னை