வேளாண் மாணவர்களுக்கும் மானியம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேளாண் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் கொண்டு 1,000 உழவர் நல சேவை மையங்கள் அமைக்க, தமிழக அரசு 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 விழுக்காடு மானியத்துடன் 42 கோடி ரூபாய் ஒதுக்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் இத்தகைய உதவிகள் படிப்பை முடித்தவர்களுக்கே உரியவை. மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் பயிலும் மாணவர்களை அவை எட்டுவதில்லை.

மண் மாதிரிக்காக 'வி' வடிவக் குழியை அரையடி ஆழத்துக்கு வெட்டி, அதன் ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்கும் வேலையைக் கரும்பலகையில் படம் வரைந்து கற்பித்தால் கை பழகுமா? (செய்முறைத் தேர்வு மதிப்பெண் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.)

இம்மாணவர்களுக்குத் தலைமைப் பண்பைப் பயிற்றுவிக்கவும் தனி முகாம் தேவையில்லை. 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்கீழ், உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்காக 18 லட்சம் ரூபாய் வரை வழங்கப்படுகிறது. அந்நிறுவனங்களின் கூட்டங்களில் தீர்மானம் எழுதவும் கொள்முதல் கணக்கைச் சரிபார்க்கவும் மாணவர்களை அமர்த்தி, பயணப்படியும் சிறு ஊக்கத்தொகையும் தரலாம்.

வேளாண் பிரிவுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் செயல்விளக்கத் திடல், விதை, கருவிகள் ஆகியவற்றுக்கென ஆண்டு மானியம் ஒன்றை அரசு அறிவிக்க வேண்டும். அத்தொகை ஆடிப்பட்டத்துக்கு முன்பே பள்ளிக் கணக்குக்கு வந்தாக வேண்டும். மார்ச் கடைசியில் வரும் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதலாமே தவிர, விதைக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி.