இளம்பழுப்புக் கூந்தல் ஜீனிக்கு

அன்புள்ள ஜேன் அம்மாவுக்கு,

வணக்கம். 1941-ம் வருஷம் அமெரிக்க ரேடியோவில் உங்கள் பாட்டுதான். எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் 'ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்'. பாவம், அந்த இளம்பழுப்புக் கூந்தலே நரைத்துவிட்டது என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். காரணம், திடீரென்று பொங்கிய ரசனை இல்லை. பாடலாசிரியர்களின் சங்கமான ஆஸ்கேப் ஒலிபரப்புக் கட்டணத்தை ஏற்றிக் கேட்டது, ரேடியோக்காரர்கள் மாட்டோம் என்றார்கள். சங்கத்து உறுப்பினர்களின் பாட்டைத் தொட முடியாது. அதனால் காப்புரிமை முடிந்துபோன பழைய பாட்டுகளைத் தேடி எடுத்தார்கள். உங்கள் கணவர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாட்டுகள் கொட்டிக் கிடந்தன. யாருக்கும் ஒரு சென்ட் தர வேண்டியதில்லை.

ஸ்டீபனைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. ஆனால் அந்தப் பாட்டுகளால் வீட்டுக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

1850 ஜூலையில் உங்கள் கல்யாணம், அடுத்த ஏப்ரலில் மரியன் பிறந்தாள். 1853-ல் நீங்கள் பிரிந்திருந்தீர்கள். 1854-ல் 'ஜீனி' அச்சில் வந்தது. உங்களைத் திரும்பக் கூப்பிட எழுதிய பாட்டு அது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது கூப்பிடுகிற பாட்டாகத் தோன்றுவதில்லை. போனவள் போனவளாகவே இருக்கிறாள், அவன் அவளைக் கனவில் பார்க்கிறான், அவ்வளவுதான். கூடவே இருக்கும் மனைவியை நினைத்து ஒருவர் இப்படி எழுதுவாரா என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1857-ல் ஸ்டீபன் தன் கைப்பட ஒரு கணக்குப் போட்டார். எந்தப் பாட்டு அதுவரை எவ்வளவு ராயல்டி தந்தது என்று பட்டியல். 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' 1,647 டாலர் 46 சென்ட். 'மை ஓல்ட் கெண்டக்கி ஹோம்' 1,372 டாலர். உங்கள் 'ஜீனி' 217 டாலர் 80 சென்ட். இந்தக் கணக்கை அவர் போட்டது ரசனைக்காக இல்லை. இனி வரப்போகும் ராயல்டியை எல்லாம் மொத்தமாக விற்பதற்காக. 1,900 டாலருக்கும் குறைவான தொகைக்கு அத்தனையையும் விற்றார். வீட்டுச் செலவு அப்படி நெருக்கியது. நாடு முழுக்கப் பாடிய பாட்டுகள் அவை.

பணம்கூடப் போகட்டும். பெயர்? 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' 1851-ல் ஸ்வரக் குறிப்புத் தாளாக வெளிவந்தபோது அட்டையில் எட்வின் கிறிஸ்டியின் பெயர் இருந்தது. கிறிஸ்டி ஒரு மின்ஸ்ட்ரல் குழுவின் முதலாளி. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைப் போலப் பேசியும் ஆடியும் காட்டும் மேடைக் கூத்து அது. பாட்டை எழுதியவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ள அந்த ஆள் கொடுத்தது 15 டாலர். அந்த மாதிரிப் பாட்டோடு தன் பெயர் சேர்வதில் ஸ்டீபனுக்கே அப்போது கூச்சம் இருந்திருக்கிறது. 1852 மே 25-ல், என் பெயரைத் திருப்பிப் போட அனுமதியுங்கள் என்று கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்டி மசியவில்லை. 1879 வரை அந்த அட்டையில் மாற்றமே இல்லை. அதற்குள் ஸ்டீபன் இறந்து 15 வருஷம் ஆகிவிட்டது.

அவருடைய கடைசி நாட்களை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. நியூயார்க்கின் பவரி தெருவில் மலிவான விடுதி அறை, குடி, காய்ச்சல். கீழே விழுந்து கழுத்தில் வெட்டுப்பட்டு பெல்வியூ ஆஸ்பத்திரிக்குப் போனவர் 1864 ஜனவரி 13-ல் போய்விட்டார். வயது 37. பர்ஸில் 38 சென்ட். அந்த நேரத்தில் நீங்கள் பென்சில்வேனியாவில் தந்தி அடிக்கும் வேலை செய்து மரியனை வளர்த்துக்கொண்டிருந்தீர்கள். வாழ்க்கை வரலாறுகளில் இந்தத் தந்தி வேலைக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் கிடைக்கிறது. அதுதான் எனக்குக் கோபம். மூன்று பேர் கொண்ட குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர் நீங்கள்.

அப்புறம் உங்களுக்குக் கொஞ்சம் வந்தது. 28 வருஷக் காப்புரிமை முடிந்ததும் விதவையோ பிள்ளைகளோ இன்னும் 14 வருஷம் நீட்டிக்கலாம் என்று சட்டம் இருந்ததால், உங்களுக்கும் மரியனுக்குமாக 4,199 டாலர் கிடைத்ததாகக் கணக்கு இருக்கிறது. எல்லாம் ஸ்வரக் குறிப்போடு அச்சடித்த தாள் விற்ற காசு. மேடையில் பாடினால் எழுதியவருக்குப் பணம் தர வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1897-ல்தான் வந்தது. இசைத்தட்டுக்கு ராயல்டி 1909-ல். நீங்கள் 1903-லேயே கண் மூடிவிட்டீர்கள். 1890-களில் மெழுகு உருளைகளில் உங்கள் கணவரின் பாட்டுகளைப் பதிந்து விற்கத் தொடங்கியபோது நீங்கள் உயிரோடுதான் இருந்தீர்கள். அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

உங்களுக்கு நேர்ந்த இந்த அநியாயத்தைச் சொல்லும்போது இன்னொரு கடனையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்டீபனின் பேர்வாங்கிய பாட்டுகள் பலவும் கறுப்பின அடிமையின் வாயில் வைத்து எழுதியவை. 'ஓ சுசன்னா'வின் பழைய அச்சில் உள்ள ஒரு சரணத்தை இன்று யாரும் வாய்விட்டுப் பாட முடியாது. கறுப்பர்கள் கூட்டமாகச் சாவதை வேடிக்கையாகச் சொல்லும் வரி அது. 1852-ல் நீங்கள் இருவரும் நீராவிக் கப்பலில் நியூ ஆர்லியன்ஸ் போய்வந்தீர்கள். அதற்கு முன்பே அடிமைத் தோட்டங்கள் இருந்த தெற்கு மாநிலங்களைப் பற்றிய பாட்டுகளை அவர் எழுதிப் புகழ் வாங்கியாகிவிட்டது. 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாட்டில் வரும் சுவானி நதியின் பெயரைக்கூட வரைபடத்தைப் பார்த்துத்தான் எடுத்தார். இந்தப் பேச்சும் துயரமும் யாருடையதோ அவர்களுக்கு 217 டாலர்கூடக் கிடையாது.

ஆனாலும் அவர் போகப் போக மாறினார் என்பதும் உண்மை. 'மை ஓல்ட் கெண்டக்கி ஹோம்' கேலிப் பாட்டு இல்லை. விற்கப்பட்டு, கரும்புத் தோட்டத்துக்குப் போகப்போகிற ஒருவனின் பாட்டு. ஃபிரெடரிக் டக்ளஸ் 1848-ல் கரி பூசி ஆடுகிறவர்களை வெள்ளைச் சமூகத்தின் அழுக்கு என்று திட்டியவர். அவரே 1855-ல், இந்தப் பாட்டு அடிமைகள் மேல் இரக்கத்தை எழுப்புகிறது என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அடிமையாகவே இருந்து தப்பி வந்த மனிதர் சொன்னது என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இசைத்தட்டு வந்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். உங்கள் அப்பா டாக்டர் மெக்டவலின் வீட்டில் ஜோ என்று ஒரு கறுப்பின வேலைக்காரர் இருந்தார், அவரை நினைத்துத்தான் 1860-ல் 'ஓல்ட் பிளாக் ஜோ' எழுதப்பட்டது என்று சொல்வார்கள். அதில் கொச்சைப் பேச்சு நடிப்பு எதுவும் கிடையாது. அதே 1860-ல் வட கரோலினாவின் ஒரு தோட்டத்திலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் தப்பித்து வடக்கே ஓடினான். அவனுடைய மகன்தான் பாடகர் பால் ராப்சன். ராப்சன் இந்தப் பாட்டை 'புவர் ஓல்ட் ஜோ' என்ற பெயரில் இசைத்தட்டில் பாடினார். கேட்டுப் பாருங்கள், அவசரமே இல்லாத அந்த அடிக்குரலை. கிழவனை யாரும் பார்த்துச் சிரிக்க முடியாது. உங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கம் நடமாடிய ஜோவுக்கு முதல் தடவையாக ஒரு உறவுக்காரர் கிடைத்தது போல இருக்கும்.

1957-ல் ரே சார்ல்ஸ் 'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாட்டை 'சுவானி ரிவர் ராக்' என்று தலைகீழாக மாற்றினார். ஏக்கம் எல்லாம் பறந்துவிட்டது, கைதட்டலும் பின்பாட்டும்தான். கிறிஸ்டியின் மேடையிலிருந்து அந்தப் பாட்டைப் பிடுங்கி வந்த மாதிரி எனக்குக் கேட்கிறது. 2004-ல் பல பாடகர்கள் சேர்ந்து ஸ்டீபனின் பாட்டுகளை ஒரு தொகுப்பாகப் பாடி, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. அதில் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பாடிய 'ஹார்ட் டைம்ஸ் கம் அகெய்ன் நோ மோர்' ஒன்று போதும். வாசலில் நிற்கும் ஏழையைப் பற்றி வசதியானவர்களுக்குச் சொல்லும் பாட்டு அது. மேவிஸ் பாடும்போது வாசலில் நிற்பவரே பாடுகிறார். இத்தனைக்கும் அந்தப் பாட்டு 1857 பட்டியலில் 283 டாலர்தான் சம்பாதித்திருந்தது.

'ஜீனி'க்கும் நல்ல பதிவுகள் உண்டு. ஜான் மெக்கார்மக் பாடியதில் உருக்கம் அதிகம். சிலருக்கு அது ரொம்ப இனிப்பாக இருக்கலாம், எனக்குப் பிடிக்கும்.

பிட்ஸ்பர்க் செய்தி ஒன்று. 1900-ல் அங்கே வைத்த ஸ்டீபனின் சிலையை 2018-ல் எடுத்துவிட்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார், காலடியில் கிழிந்த உடையோடு ஒரு கறுப்பர் பாஞ்சோ வாசிப்பார். எடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். பாட்டுகள் அந்த உட்காரும் வரிசையைத் தாண்டிப் போய் ரொம்ப நாள் ஆகிறது. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு ஆசை மட்டும் மிச்சம். கெண்டக்கியில் வருஷா வருஷம் மே மாதம் டெர்பி குதிரைப் பந்தயம் தொடங்கும் முன் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று 'மை ஓல்ட் கெண்டக்கி ஹோம்' பாடுகிறது. 1986-ல் மாநிலச் சட்டசபை, கறுப்பர்களை இழிவாகச் சொன்ன வார்த்தையை நீக்கிப் பொதுவான ஒரு வார்த்தையை வைத்தது. நல்லதுதான். ஆனால் முதல் சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வெயிலும் பூவும் பறவையும் உள்ள சரணம். கரும்புக் காடு வருவது மூன்றாவதில். அந்த மூன்றாவதையும் அவர்கள் பாட வேண்டும். குதிரைகள் ஐந்து நிமிஷம் காத்திருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் கணவரின் பாட்டுகளை விடாமல் கேட்கும் ஒரு ரசிகன்