உழவாள் வீட்டு வேலைக்காரி

ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் பெரிக்‌ஷயரில் வாழ்ந்த ஓர் உழவாள் குடும்பத்தை 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வழியே பார்த்த கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். வீட்டில் வேலைக்காரி இருந்ததால் அது கொஞ்சம் வசதியான குடும்பம் என்கிறார் கட்டுரையாளர். உண்மை நேர்மாறானது.

அக்காலத்தில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மணமான உழவாளை 'ஹைண்ட்' என்பார்கள். ஓராண்டு ஒப்பந்தம், குடியிருக்க ஒரு குடிசை, கூலியில் பெரும்பகுதி தானியமாக. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: பண்ணை வயலுக்கு ஒரு பெண்ணாளை அவனே கொண்டுவர வேண்டும். அவளுக்குப் பெயர் 'பாண்டேஜர்'. மகளோ தங்கையோ இருந்தால் அவளே போவாள். இல்லாவிட்டால் வெளியாள் ஒருத்தியை அமர்த்தி, சோறும் படுக்கையும் சம்பளமும் இவன்தான் கொடுக்க வேண்டும். அவள் வேலை செய்த நாளுக்கு மட்டுமே பண்ணைக்காரர் காசு தருவார். மழையில் வேலை நின்றால் நட்டம் உழவாளுக்கு. 1860களில் இந்த முறைக்கு எதிர்ப்பு வலுத்ததில் வியப்பில்லை. ஆகவே கணக்கெடுப்பு ஏட்டில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று குறிக்கும் பத்தியில் 'வேலையாள்' என்று கண்டால், தொழில் பத்தியையும் பாருங்கள். வயல்வேலை என்றிருந்தால் அவள் பெரும்பாலும் பாண்டேஜர்தான். பத்தாண்டு கழித்து மகள் வளர்ந்ததும் பட்டியலில் அந்த வெளியாளைக் காணோம் என்றால், காரணம் இதுவே.

அந்த வீட்டுக்கு 'ஓர் அறை' என்று கட்டுரையில் வருவதற்கும் விளக்கம் தேவை. ஸ்காட்லாந்தில் 1861 முதல் கேட்கப்பட்டது, சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்பதே. சன்னலில்லாத சிற்றறை எண்ணிக்கையில் வராது. பெட்டிபோல் அடைத்த கட்டில்களைத் தடுப்பாக நிறுத்தி ஓர் அறையை இரண்டாக்கிக்கொள்வதும் வழக்கம். அதுவும் பதிவில் தெரியாது.

பதினான்கு வயது மகன் பட்டியலில் இல்லை என்பதால் இறந்திருப்பான் என்று கட்டுரையாளர் ஊகிப்பதும் அவசரம். கணக்கெடுப்பு இரவில் அந்த வீட்டில் தங்கியவர்களே பட்டியலில் வருவார்கள். அந்த வயதில் பையன்கள் வேறு பண்ணையில் ஆளாகச் சேர்ந்து அங்கேயே தங்குவது சாதாரணம். அக்கம்பக்கப் பாரிஷ்களின் (தேவாலய வட்டாரங்களின்) கணக்கெடுப்பு ஏடுகளையும் 1855 முதல் உள்ள இறப்புப் பதிவையும் பார்த்த பிறகே முடிவுக்கு வரலாம்.

இன்னொரு சிக்கல் தேதி. ஒப்பந்தம் முடிந்து குடும்பங்கள் வேறு பண்ணைக்கு வண்டியேறுவது மே மாதம். 1841 கணக்கெடுப்பு ஜூன் 6இல், அதாவது புதுப் பண்ணைக்கு வந்த கையோடு நடந்தது. 1851 முதல் 1911 வரை எல்லாம் மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில், கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு. எனவே 1861 ஏப்ரலில் இருந்த பண்ணையை வைத்து அதே ஆகஸ்டில் பிறந்த குழந்தையைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். மாறாக, பிள்ளைகளின் பிறந்த பாரிஷ்களை வயது வரிசையில் எழுதிப் பாருங்கள். கோல்ட்ஸ்ட்ரீம், எக்கில்ஸ், ஸ்விண்டன் என்று குடும்பம் நகர்ந்த தடம் அதிலேயே கிடைக்கும்.

1841 ஏட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அங்கே 30 என்றிருப்பவர் 1851இல் 44 ஆக இருந்தால் வேறு ஆள் என்று ஒதுக்க வேண்டாம். 34 வயதுக்காரரையும் 30 என்றுதான் எழுதினார்கள்.

1855இல் பிறந்த பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்தால் அதன் பிறப்புப் பதிவைக் கட்டுரையாளர் முதலில் எடுக்கட்டும். பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணமான இடம், முன்பிறந்த பிள்ளைகள் பற்றிய விவரம் எல்லாம் அந்த ஓராண்டுப் பதிவில் இருக்கும். மறு ஆண்டே படிவத்தைச் சுருக்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்